உள்ளே போட ஒரு பட்டுச் சிமிஸ்

மே 4

அக்காவுக்கு,

என் கையெழுத்து உனக்கு மறந்திருக்காது. கிழித்துப் போடுவதற்கு முன் கடைசி வரி வரைக்கும் படித்துவிடு. ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன், அதுவும் ஒரு காரியம் ஆக வேண்டும் என்று. வெட்கத்தை விட்டுத்தான் கேட்கிறேன்.

எனக்கு ஒரு சிமிஸ் தைத்துத் தர வேண்டும், பட்டில். ஜூன் ஏழாம் தேதி இவர் கம்பெனியில் ஆண்டு விருந்து. பெரிய ஓட்டலில் நடக்கிறது, மனைவிமார்களும் வர வேண்டும். அதற்கென்று இவர் ஒரு கறுப்பு கவுன் வாங்கி வந்திருக்கிறார். கழுத்திலிருந்து கணுக்கால் வரை கொசுவலைதான். போட்டாலும் ஒன்று, போடாவிட்டாலும் ஒன்று. உள்ளே சாதாரணத் துணியைப் போட்டுப் பார்த்தேன், கவுன் ஒட்டிக்கொண்டு மேலே ஏறுகிறது, நடந்தால் காலைச் சுற்றுகிறது. பட்டு மட்டும்தான் வழுக்கிக்கொண்டு நிற்கும். எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவளே நீதான்.

அளவு தனித்தாளில் இருக்கிறது. நானே எடுத்தேன்.

போன் செய்யாதே, அது எப்போதும் இவர் கையில்தான் இருக்கும். பதிலை மேலே உள்ள கண்ணாடிக் கடை விலாசத்துக்கு எழுது. அங்கே மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். வருகிறவர்களுக்கு மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் வலிக்கிறதா என்று கேட்கிற வேலை. கடைக்கார அம்மா நல்லவர், பிறர் கடிதத்தைப் பிரிக்கமாட்டார்.

முடியாது என்றால் முடியாது என்று ஒரு வரி போடு.

தங்கை

*

மே 9

பிசிறுக்கு,

கிழிக்கவில்லை. கையில் இருந்த கத்திரியைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன், அவ்வளவுதான். சுவரில் இரண்டு விரல் ஆழத்துக்குப் பள்ளம். துணி கொடுக்க வந்த ஒருத்தி கொடுக்காமலே படி இறங்கிப் போய்விட்டாள். இந்தத் தெருவில் எனக்குக் கத்திரி என்று பேர் வைத்திருக்கிறார்கள். வைத்த பேரைக் காப்பாற்ற வேண்டாமா?

அம்மா செத்ததற்கு வராதவள் சிமிஸுக்கு எழுதுகிறாய். அன்றைக்கு மூன்று பேரிடம் சொல்லி அனுப்பினேன். கடைசியில் உன் வீட்டுக்காரன் போனில் வந்து, "அவளுக்குக் காய்ச்சல், அனுப்ப முடியாது"ன்னு சொல்லி வைத்துவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் உன் துணிமணி இருந்த டிரங்குப் பெட்டியை மாடியிலிருந்து தெருவில் போட்டேன். அது இன்னும் மூட முடியாமல் நசுங்கிக் கிடக்கிறது. அதை அப்படியே வைத்திருக்கிறேன்.

சரி, துணி விஷயத்துக்கு வருகிறேன். துணியில் நான் யாரையும் பழிவாங்குவதில்லை, அது உனக்கே தெரியும். கறுப்பு வலைக்கு உள்ளே தோல் நிறத்தில் போட்டால் தூரத்தில் நிற்கிறவன் ஒன்றுமே போடவில்லை என்று நினைப்பான். அதனால் கறுப்பே போடுகிறேன். மெல்லிய பட்டை இழைக்குச் சாய்வாக, கிராஸில் வெட்டினால்தான் உடம்போடு போகும். முதுகுப் பக்கம் கழுத்தை நன்றாக ஏற்றி வைக்கிறேன். அன்றைக்கு நடந்த விபத்தின் தழும்பு இடது தோளில் இருக்குமே, அது மறைந்துவிடும்.

உன் அளவில் ஒரு சந்தேகம். முதுகு அகலத்தை நீயே எப்படி எடுத்தாய்? தன் முதுகைத் தானே அளக்க எவளாலும் முடியாது. கண்ணாடிக் கடை அம்மாவை வைத்து மறுபடி எடுத்து அனுப்பு.

அக்கா

*

மே 13

அக்காவுக்கு,

தைக்கிறேன் என்று சொன்னதற்கு நன்றி. பெட்டியைப் போட்டதும் சரிதான்.

கடைக்கார அம்மாவை வைத்து எடுக்க முடியாது, அவருக்கு வேலை அதிகம். நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, பிறகு மேசையில் வைத்து டேப்பால் அளந்தேன். இந்த முறை இரண்டு தடவை எடுத்தேன், சரியாகத்தான் இருக்கும்.

சில மாற்றம் செய்ய வேண்டும். இடது தோளை மூடாதே. அந்தத் தழும்பு தெரியும்படி விட வேண்டும் என்று இவர் சொல்கிறார். மற்ற இடமெல்லாம் மூடட்டும். வலது பக்கம் கழுத்தெலும்பு வரை ஏற்றி வை. இரண்டு பக்கமும் முழங்கை வரை கை வை. வலது விலாவில் மட்டும் ஓர் அங்குலம் தளர்த்திக்கொள், இறுக்கம் கூடாது. முதுகு இடுப்புக்குக் கீழே வரை ஓர் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். வலைக்கு உள்ளே கை வைத்த சிமிஸா என்று நீ சிரிப்பாய். ஓட்டல் கூடத்தில் ஏசி அதிகமாக இருக்குமாம், எனக்குக் குளிர் ஆகாது.

புது அளவு பின்பக்கத்தில்.

தங்கை

*

மே 17

பிசிறு,

காதில் பூச்சுற்றுகிற வேலையை உன் கண்ணாடிக் கடையோடு வைத்துக்கொள்.

உன் அளவுத்தாளை மெஷினுக்கு மேலே ஒட்டிவைத்து இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கைச்சுற்று பத்தரை. வலது கைச்சுற்று பன்னிரண்டு. நாள் முழுக்க மெஷினை மிதித்தால்கூட ஒரு கால் இப்படி ஏறாது, கை எப்படி ஏறும்? அது வீக்கம். நீ மே நாலாம் தேதி அனுப்பிய தாளில் அதே வலது கை பத்தேமுக்கால். ஒன்பது நாளில் ஒன்றேகால் அங்குலம். இடது தோளிலிருந்து இடுப்பு வரை பதினாறு, வலது தோளிலிருந்து பதினைந்து. அளக்கும்போது வலது பக்கம் சரிந்து நிற்கிறாய். விலாவில் இறுக்கம் கூடாது என்கிறாய். அங்கே கட்டுப் போட்டிருக்கிறாயா, இல்லை கட்டுப் போடக்கூட விடவில்லையா?

உன் ஊரில் தெருவுக்கு நாலு தையற்கடை இருக்கும். அங்கே போனால் டேப் வைக்க மேல்சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். அதனால்தானே பார்க்காமல் தைக்கிற ஒருத்தி வேண்டும் என்று என்னிடம் வந்தாய்? ஆறு வருடம் கழித்து அக்கா ஞாபகம் வந்ததே என்று அந்தத் தாளை முதல் நாள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். என்னைச் சொல்ல வேண்டும்.

பெரிய கத்திரியைச் சாணைக்குக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை வந்துவிடும். கம்பளித் துணியை நாலு மடிப்பாக மடித்துப் போட்டாலும் ஒரே கடியில் போகும். அவன் வயிறு நாலு மடிப்புக்கு மேல் இருக்குமா? தொண்டையில் ஆரம்பித்துத் தொப்புள் வரைக்கும் நேராக வெட்டுவேன், கை நடுங்காது. செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸுக்கு விசாரித்துவிட்டேன்.

அவன் என்ன செய்தான் என்று எழுது. ஒன்றுவிடாமல் எழுது.

அக்கா

*

மே 20

அக்கா,

வராதே. இந்தக் கடிதம் திங்களுக்குள் உனக்குக் கிடைக்க வேண்டும் என்று கடைக்கார அம்மா கூரியரில் அனுப்புகிறார். நீ வந்து வெட்டினால் நீ ஜெயிலுக்குப் போவாய், இவர் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார், அவருக்குக் கஞ்சி வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். அதற்கு இப்போது இருப்பதே மேல்.

ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

விலா ஏப்ரல் கடைசியில். சட்டையில் பட்டன் போயிருந்தது, நான் கவனிக்கவில்லை. கீழே தள்ளி ஷூவோடு உதைத்தார். மூச்சு இழுத்தால் உள்ளே ஏதோ கிளிக் என்கிறது. முதுகில் இருப்பதற்குத் தேதி வைக்க முடியாது, அது ஆறு வருடக் கணக்கு. கை இந்த மாதம் பத்தாம் தேதி. உன் கடிதம் வந்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்ததும் பாடிக்கொண்டே பாத்திரம் துலக்கினேன், என்ன சந்தோஷம் யாரைப் பார்த்தாய் என்று கேட்டார். என் வலது கையை நிலைக்கும் கதவுக்கும் நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தினார். மூன்று தடவை. இவர் வேலை பார்ப்பது கதவு விற்கிற கம்பெனியில்தான், தெரியுமா? வீட்டில் எல்லாமே அந்தக் கதவு. உறுதியான கதவு, அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

அம்மா செத்தபோது எனக்குக் காய்ச்சல் இல்லை. இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. நான் பஸ் ஏறியிருப்பேன், எந்தப் பஸ் என்று படிக்க முடியாது. அடுப்படியில் தரையில் உட்கார்ந்துகொண்டு, இப்போது தூக்குவார்கள், இப்போது தெரு முனை தாண்டுவார்கள் என்று நானாகக் கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தேன்.

இனி நீ கேட்காததையும் எழுதுகிறேன். இடது தோளை ஏன் திறந்து வைக்கச் சொல்கிறார் தெரியுமா? அது இவருடைய விருந்து நகைச்சுவை. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் என்னைத் திருப்பி நிற்க வைத்து, "இவ அக்கா தையல்காரி. துணின்னு நெனச்சு இவளையே இஸ்திரி போட்டுட்டா"ன்னு சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். என்னைப் பார்த்து ஐயோ பாவம் என்பார்கள். அந்தக் குடும்பத்திலிருந்து என்னைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவர் என்று இவரைப் பார்ப்பார்கள். எப்போதாவது என் மேல் ஒரு நீலம் தெரிந்துவிட்டால்கூட, வளர்ப்பு அப்படி, தானே இடித்துக்கொள்வாள் என்று முடிந்துவிடும். உன் தழும்பை வைத்துத்தான் தன் தழும்பை எல்லாம் மறைக்கிறார்.

வீட்டை விட்டு வா என்று எழுதப்போகிறாய். எங்கே வர, உன்னிடமா? உன்னிடமிருந்து ஓடித்தான் அக்கா இங்கே வந்தேன். அதை விபத்து என்று எழுதாதே. நீ எழுதியதைப் படித்ததும் விலாவை விட அங்கேதான் வலித்தது.

சிமிஸை மட்டும் தைத்து அனுப்பு. அன்றைக்கு ஏதாவது தெரிந்தால் வீட்டுக்கு வந்தபிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

தங்கை

*

மே 28

அன்புள்ள தங்கைக்கு,

சிமிஸ் இந்தப் பார்சலில் இருக்கிறது. நீ சொன்னபடியே தைத்திருக்கிறேன். இடது தோள் திறப்பு, வலது பக்கம் ஏற்றம், முழங்கை வரை கை, விலாவில் ஓர் அங்குலம் தளர்வு. கிராஸ் துணி தொங்கத் தொங்க நீளும் என்பதால் இரண்டு நாள் கொடியில் தொங்கவிட்டுத்தான் கீழ் ஓரம் மடித்தேன். நடு முதுகுத் தையலைக் கையால் போட்டிருக்கிறேன், மெஷின் பட்டைச் சுருக்கிவிடும்.

துவைக்க வேண்டாம். இஸ்திரி போட வேண்டாம். முன்கூட்டிப் போட்டுப் பார்க்கவும் வேண்டாம், மடிப்பு விழும். அன்றைக்கு நேராகப் போட்டுக்கொண்டு போ.

நான் ஊருக்கு வரவில்லை. கவலைப்படாதே. எல்லாம் நன்றாக நடக்கும்.

அன்புடன்
அக்கா

*

ஜூன் 1

பிசிறு,

பார்சலில் போன கடிதம் நான் எழுதியது இல்லை. எழுதினது நான்தான், ஆனால் அது ஒரு பொய்க்காரியின் கடிதம். அன்புள்ள, அன்புடன் என்று நான் என்றைக்கு எழுதியிருக்கிறேன்?

அதைப் போடாதே. நடு முதுகுத் தையல் சங்கிலித் தையல். அரிசிச் சாக்கின் வாயைத் தைப்பார்களே, சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று முழுதும் அவிழ்ந்து போகுமே, அதுதான். கழுத்தில் கடைசிக் கண்ணியைப் பூட்டாமல் விட்டிருக்கிறேன். நாற்காலியில் இரண்டு தடவை சாய்ந்தால், ஒரு தடவை குனிந்தால், கழுத்திலிருந்து இடுப்பு வரை திறந்துகொள்ளும். கூடம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால் உன் முதுகு தெரியட்டும், அவன் செய்தது தெரியட்டும், அவன் முகத்தில் கரி பூசட்டும் என்று ஆத்திரத்தில் தைத்தேன். தைக்கும்போது எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? ஒவ்வொரு கண்ணிக்கும் அவன் பல்லில் ஒன்றை உடைக்கிற மாதிரி இருந்தது.

பார்சலைக் கொடுத்துவிட்டு வந்து கடையில் உட்கார்ந்தேன். இஸ்திரிப் பெட்டி சூடேறியிருந்தது. அதைக் கையில் எடுத்தேன், அப்படியே நின்றுவிட்டேன். அன்றைக்கும் இப்படித்தான் ஆத்திரத்தில் உன்னைக் கேட்காமல் உன் உடம்பில் என் இஷ்டத்துக்கு ஒன்று செய்தேன். நீ அவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாய். நான் கூடாது என்றேன். "உன்னைக் கட்டிக்க எவனும் வரலைன்னு உனக்கு எரிச்சல்"னு சொல்லிவிட்டு நீ திரும்பி நடந்தாய். யாருக்கோ தைத்த கல்யாண கவுன் மேல் இருந்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினேன். பிசிறு, ஆறு வருடமாக எல்லோரிடமும் அவள் திரும்பினாள், பட்டுவிட்டது என்று சொல்லிவந்தேன். அம்மாவிடமும் அப்படித்தான். படவில்லை. வைத்தேன். உன் சட்டை கருகுகிற வாசனை வந்தது, அப்போதும் உடனே எடுக்கவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் வைத்திருந்தேன்.

சிமிஸை அடுப்பில் போடு. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள். இல்லை என்றால் உன்னிடம் ஊசி நூல் இருக்கும், அந்தத் தையலுக்கு மேலே ஒரு பூட்டுத் தையல் ஓட்டிவிடு. உனக்குத் தையல் அவ்வளவு வராது, பரவாயில்லை, கோணலாக இருந்தாலும் நிற்கும்.

உன்னை அவன் மட்டும் அடிக்கவில்லை. இதை எழுதிவிட்டேன், இனி அழித்து எழுதமாட்டேன்.

அக்கா

*

ஜூன் 10

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன், எழுத்து அப்படித்தான் இருக்கும். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. கீழ் உதட்டில் ஐந்து தையல், இரண்டு பல் போயிற்று. கடைக்கார அம்மாவின் கடைக்கு மேலே ஓர் அறை, அதில் இருக்கிறேன். இவர் போலீஸ் காவலில் இருக்கிறார்.

உன் சங்கிலித் தையலை நான் பார்சல் பிரித்த அன்றே கண்டுபிடித்துவிட்டேன். உன் கடையில் பதினைந்து வருடம் எனக்கு என்ன வேலை? நீ தைப்பாய், தப்பாகப் போனதை நான் பிரிப்பேன். எந்தத் துணி கைக்கு வந்தாலும் முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பேன், இன்னும் அந்தப் புத்தி போகவில்லை. முதுகுத் தையலைப் பார்த்ததும் புரிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீட்டில் ஒருத்தர் என்னைக் கேட்காமல் கதவைச் சாத்துகிறார், நீ என்னைக் கேட்காமல் கதவைத் திறக்கப் பார்க்கிறாய். இரண்டு பேருக்கும் என் உடம்புதான் கிடைத்ததா என்று சிமிஸைச் சுருட்டி மூலையில் எறிந்தேன்.

உன் அடுத்த கடிதம் விருந்துக்கு முதல் நாள் வந்தது. வைத்தேன் என்று எழுதியிருந்த வரியைக் கடையின் பின்பக்கம் நின்று படித்தேன். அந்த ஒரு வார்த்தைக்காக ஆறு வருடம் காத்திருந்திருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அழவில்லை. வீட்டுக்குப் போய் சிமிஸை எடுத்தேன். நீ சொன்ன பூட்டுத் தையல் போடவில்லை. கழுத்தில் நீ விட்டிருந்த நூல் முனையில் சுருக்கு முடிச்சு ஒன்று போட்டேன். தானாக அவிழாது. நான் இழுத்தால் அவிழும்.

அவிழ்க்க வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை, சத்தியமாக. அவர் அன்றைக்கு அந்தக் கதையைச் சொல்லாமல் இருந்திருந்தால் விருந்து முடிந்து வீட்டுக்கு வந்திருப்பேன்.

நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். சாப்பாடு முடிகிற நேரம் பெரிய மேலாளர் தன் மனைவியோடு எங்கள் மேசைக்கு வந்தார். இவர் எழுந்து நின்று, என்னையும் எழுப்பி, தோளைப் பிடித்துத் திருப்பினார். அதே நகைச்சுவையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கினதும் அவர் புதிதாக ஒன்று சேர்த்தார். "இவங்க அம்மா செத்தப்போகூட நான் இவளை அனுப்பல. அந்த அக்கா வேற எங்க சுடுவாளோன்னு பயம்"னு சொன்னார். அதற்கும் சிரித்தார்கள்.

என் கை தானாகப் பின்கழுத்துக்குப் போயிற்று. வலையின் கழுத்துக்குள் இரண்டு விரலை விட்டேன். முடிச்சு ஒரே இழுப்பில் வந்தது, அப்புறம் நூல் வந்துகொண்டே இருந்தது. நீ போட்ட தையல் எவ்வளவு சீர் அக்கா, எங்கேயும் சிக்கவில்லை. பட்டு இரண்டு பக்கமும் விலகி வழுக்கிப் போயிற்று. முதுகில் காற்று பட்டது. பின்னால் சிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் பாதிச் சிரிப்பில் நிறுத்தியது காதில் விழுந்தது.

நான் திரும்பவில்லை, முதுகு அவர்கள் பக்கமே இருக்கட்டும் என்று நின்றேன். "தோள்ல இருக்கிறது எங்க அக்கா செஞ்சது. அவ தையல்காரி. மிச்சமெல்லாம் இவரு செஞ்சது. இவரு உங்க கம்பெனியில கதவு விக்கிறாரு"ன்னு சொன்னேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

இவர் முதலில் சிரித்தார். கோட்டைக் கழற்றி என் மேல் போட வந்தார். நான் நகர்ந்துகொண்டேன். அப்புறம்தான் வீட்டில் இருக்கிற முகம் வந்தது. கழுத்தைப் பிடித்து என் வாயை மேசை விளிம்பில் மோதினார். ஒரு தடவை, இரண்டு தடவை. தட்டு உடைந்தது, கண்ணாடி டம்ளர் என் கைக்குக் கீழே நொறுங்கியது. மணிக்கட்டை முறுக்கினபோது வந்த சத்தம் அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கும். பெரிய மேலாளர் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை. பரிமாறிக்கொண்டிருந்த ஒருவர்தான் தட்டுகளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து இவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார். மேலாளரின் மனைவி மேசை விரிப்பை உருவி என்னைச் சுற்றினார்.

எனக்குப் பயமே இல்லை. வாயில் ரத்தம் நிறைந்து வழிகிறது, நான் பல்லைத் தேடிக்கொண்டிருக்கிறேன், ஆனால் பயம் இல்லை. ஏன் என்று யோசித்தேன். அதுவரைக்கும் இவர் என்னைக் கதவுக்கு உள்ளே வைத்துத்தான் அடித்திருந்தார்.

இப்போது முக்கியமான விஷயம். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் போலீஸ் வந்தார். அவரிடம் அச்சடித்த தாள் ஒன்று இருக்கிறது, ஓர் ஆளின் படம், முன்பக்கம் பின்பக்கம். எங்கெங்கே காயம் என்று புள்ளி வைத்து எண் போட வேண்டும். துணி வெட்ட நீ வரைகிற பேட்டர்ன் காகிதம் மாதிரிதான் இருந்தது. பழையதிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். முதல் எண்ணை இடது தோளில் போட்டேன். "இது யாரு செஞ்சது?"ன்னு கேட்டார். எங்க அக்கா என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "இதையும் உங்க வீட்டுக்காரர் கணக்குலயே எழுதிடலாமா? கேஸ் சுத்தமா நிக்கும்"னு மெதுவாகக் கேட்டார். வேண்டாம், எங்க அக்கான்னே எழுதுங்க என்றேன். உன்னைக் காட்டிக்கொடுக்க அல்ல. பொய்யை வைத்து மூடின எதையும் இனி நான் உடம்பில் போட்டுக்கொள்ளமாட்டேன்.

மொத்தம் பதினாலு எண். இவருடைய வக்கீல் இப்போதே ஆரம்பித்துவிட்டார். பழைய தழும்பெல்லாம் அக்கா போட்டது, அவள்தான் கோபக்காரி, விருந்தில் நடந்தது மட்டும் ஒரு நிமிட ஆத்திரம் என்கிறார். ஆறு வருடத்தை ஒரு நிமிடமாக ஆக்கப் பார்க்கிறார். நீ வந்து ஒன்று உன்னுடையது, மற்றது இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் உன் மேலும் கேஸ் வரலாம், அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வராவிட்டால் இவர் வெளியே வந்துவிடுவார்.

வருவதானால் வெறுங்கையோடு வா. கத்திரி கூடாது. உன்னோடு உன் வீட்டுக்கு நான் வரப்போவதில்லை, இப்போதைக்கு இல்லை. அதைக் கேட்டு நீ கையை ஓங்கினால் அன்றோடு சரி.

சிமிஸைச் சாட்சிப் பொருள் என்று போலீஸார் எடுத்துப் போய்விட்டார்கள்.

பிசிறு

*

ஜூன் 13

பிசிறுக்கு,

இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த மறுநாள் நான் வந்துவிடுவேன். செவ்வாய் காலை பஸ்.

எண் ஒன்று என்னுடையது. நான் சொல்லப்போவதை ஒரு தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், நீ முதலில் படித்துப் பார். விபத்து என்ற வார்த்தை அதில் இல்லை. எந்த வருடம், எந்த மாதம், பெட்டி எவ்வளவு சூட்டில் இருந்தது, எவ்வளவு நேரம் வைத்தேன், நீ எப்படிக் கத்தினாய், நான் தண்ணீர் ஊற்றாமல் கருகின சட்டைக்காக உன்னைத் திட்டினது, எல்லாம் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு நீ வீட்டை விட்டுப் போகும்போது உன் உடம்பில் வேறு ஒரு கீறல்கூட இல்லை என்றும் எழுதியிருக்கிறேன். பண்டிகைக்கு ரவிக்கை தைக்க அதற்கு முந்தின வாரம்தான் உன்னை அளந்தேன். அந்த அளவு நோட்டு இன்னும் இருக்கிறது. இரண்டு கையும் பத்தரை. தோளிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் பதினாறு. எந்த வக்கீல் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும். நோட்டைக் கொண்டுவருகிறேன்.

எனக்குக் கேஸ் வந்தால் வரட்டும். அது ஆறு வருடம் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான்.

அந்தப் பெரிய கத்திரியைச் சாணை பிடிக்கிறவரிடமே விட்டுவிட்டேன். திரும்பி வாங்கவே போகவில்லை. அவன் மேல் ஆத்திரம் குறைந்துவிட்டதா என்றால் இல்லை. உன் பல்லை நினைத்தால் இப்போதும் கை துடிக்கிறது, நேற்று கட்டிங் மேசையில் குத்தி விரல் மூட்டில் தோல் உரிந்துவிட்டது. இந்தக் கையை எங்கே வைப்பது என்று இந்த வயதில்தான் யோசிக்கிறேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவேன்.

நசுங்கிய பெட்டியைத் தட்டி நேராக்கக் கொடுத்திருக்கிறேன். உன்னைக் கூட்டிவர அல்ல. உன் துணி உன் அறைக்கு வர வேண்டும் அல்லவா?

போலீஸில் தைத்தது யார் என்று கேட்டால் நான் என்பேன். பிரித்தது யார் என்று கேட்டால் உன்னைக் காட்டுவேன்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்கு எதிர்ப் பக்கம் நிற்பேன். நீயாகக் கூப்பிட்டால் ஒழிய ரோட்டைத் தாண்டி உன் பக்கம் வரமாட்டேன். கூப்பிட மனசு இல்லை என்றால் வேண்டாம். உள்ளே போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

அக்கா